உளி ஒரு கை, சுத்தியல் ஒரு கை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த முன்னோர்கள், வீட்டை விற்றுப் பார் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். சொல்லியிருந்தால் நம் அண்ணி கொஞ்சம் உஷாராக இருந்திருப்பாள்.

ஒருவழியாக வீட்டுக்கு ஆள் கிடைத்தாயிற்று. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள். வந்தார், பார்த்தார், மாடி ஏறி இறங்கினார், குழாயைத் திறந்து மூடினார், பிடித்திருக்கிறது என்றார். விலையில் அவர் கொஞ்சம் ஏறி, இவர்கள் கொஞ்சம் இறங்கி, நடுவழியில் சந்தித்தும் ஆயிற்று. நாளைக் காலை முன்பணத்தோடு வருகிறார். ஒரே ஒரு நிபந்தனைதான். ஹாலின் நடுவில் நிற்கிற அந்தச் சுவர், அவர் வரும்போது இருக்கக் கூடாது.

"இது ஹாலா, இல்ல ரெண்டு சந்தா?" என்று தரகரிடம் கேட்டாராம்.

கேட்டதில் தப்பே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது ஊரே பொறாமைப்படும் ஹாலாகத்தான் இருந்தது. வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். தெருவில் அவருக்குப் பெரியவர் என்று பெயர். இளையவர் கட்டிட மேஸ்திரி. தம்பி சுவர் எழுப்ப, அண்ணன் அதில் ஒயர் இழுக்க, ஒரே வண்டியில் இரண்டு மாடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வண்டியும் ஒருநாள் குடை சாய்ந்தது. யாரோ ஒருவர் வீட்டில் தம்பி சுவரைப் பூசி முடித்துவிட்டார். பார்த்தால், ஒயர் போவதற்கு உள்ளே பைப் வைக்கவில்லை. பெரியவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உளியை எடுத்து, ஈரம்கூடக் காயாத பூச்சை மேலிருந்து கீழ்வரைக்கும் கொத்திவிட்டார். வீட்டுக்காரர் முன்னால் தம்பி கத்தினார். வீட்டுக்காரர் முன்னால் அண்ணனும் கத்தினார். உன் பூச்சு பவுடர் மாதிரி உதிர்கிறது என்றார் இவர். உன் வயரிங் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார் அவர். தொழில் செய்கிற மனுஷனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தொழிலைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது.

மறுநாளே மேஸ்திரி செங்கல் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் ஹாலின் குறுக்கே சுவர் எழும்பிவிட்டது. அந்தப் பக்கம் நின்று பெரியவர் ஒரு சத்தியம் செய்தார். "நீ பூசின சுவத்துல இனி என் உளி படாதுடா!"

கோபத்தில் கட்டின சுவர் அல்லவா? படிக்கட்டும் மாடியும் பெரியவர் பக்கம் வந்தன. சமையலறையும் பின்பக்க அறைகளும் மேஸ்திரி பக்கம் போயின. பெரியவர் பக்கத்து ஹால் விளக்குக்கு ஸ்விட்ச் மேஸ்திரி பக்கம் மாட்டிக்கொண்டது. மேஸ்திரி பக்கத்துத் தண்ணீர்க் குழாயின் வால்வு பெரியவர் பக்கம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து சுவரில் இரண்டு தட்டு தட்டினால் விளக்கு, மூன்று தட்டு தட்டினால் தண்ணீர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மனுஷன், தன் வீட்டு விளக்கை அணைக்கத் தம்பி வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். அரை நாள் வேலை, சுவரைக் கொத்தி ஸ்விட்சை இந்தப் பக்கம் மாற்றிவிடலாம். ஆனால் சத்தியம் சத்தியம்தான்.

பெரியவரின் மனைவியான அண்ணிக்கு இதிலெல்லாம் வருத்தம் உண்டு. ஆனால் அவளுடைய தனிப்பட்ட வருத்தம் வேறு. சமையலறை அந்தப் பக்கம் போனதால், அவள் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் அடுப்பை வைத்தாள். சன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். நிமிர்ந்தால் தலை இடிக்கும், தாளித்தால் கண் எரியும். இதோ, அதோ என்று ஒன்பது வருஷம் அங்கேயே ஓடிவிட்டது.

போன வருஷம் பெரியவர் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட பிறகுதான் வீட்டை விற்கிற பேச்சே வந்தது. மாடி ஏற அவரால் முடியவில்லை. சின்னவளுக்கும், அதாவது மேஸ்திரியின் மனைவிக்கும், வேலையில் மாற்றல் வரப்போகிறது. அண்ணி ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருக்கிறாள். படி கிடையாது. சமையலறையில் பெரிய சன்னல். பார்க்கப்போன அன்றைக்கு அந்தச் சன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடி, "சன்னலையாம்மா வாங்கப்போறீங்க?" என்று அந்த வீட்டுக்காரர் சிரிக்கும்வரை நின்றாள். நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆக, இன்றைக்குள் சுவர் விழ வேண்டும்.

"ஏங்க, அந்தம்மா நாளைக்குக் காலையில வந்துருவாங்க" என்றாள் அண்ணி.

"வரட்டும்."

"சுவரு?"

பெரியவர் முழங்காலை நீவிக்கொண்டே சொன்னார். "கட்டினவனைப் போய்க் கேளு. என் உளி அதுல படாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

அண்ணி வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மேஸ்திரி வேலைக்குப் போகாமல், போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லையே தவிர, அண்ணியிடம் அவர் ஒருநாளும் முகம் திருப்பியதில்லை.

"தம்பி..."

"அண்ணி, நீங்க என்ன கேட்டாலும் செய்வேன். இது மட்டும் வேணாம். ஊர்ல எவன் கட்டினதையும் இடிப்பேன். நான் கட்டினதை நானே இடிச்சா, கட்டினது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"சரி, வெளியில ரெண்டு ஆளைக் கூப்பிடலாமா?"

"எங்க ஹாலுக்குள்ள வெளி ஆளு கடப்பாரை தூக்கிட்டு வர்றதா?" என்றார் மேஸ்திரி.

இதையேதான், இதே வார்த்தைகளில், பெரியவரும் நேற்றுச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். அதுவும் காரியத்துக்கு உதவாத விஷயமாகப் போயிற்று.

கொல்லையில் சின்னவள் காய்ந்த போர்வைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. இன்றைக்கு விடுப்பு. அண்ணி போய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்து மடித்தார்கள்.

"என்னக்கா, ரெண்டு ராஜாவும் என்ன சொல்றாங்க?"

"அவரு உளி படக் கூடாதாம். இவரு இடிக்க மாட்டாராம். நாளைக்கு அந்தம்மா வந்து சுவரைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போகப்போறாங்க. நான் திரும்ப அந்தப் பொந்துக்குள்ள போய் அடுப்பு பத்த வைக்கப்போறேன்."

 சின்னவள் அடுத்த போர்வையை எடுக்காமல் நின்றாள்.

"அக்கா, எங்க கவுன்டர்ல தினமும் பத்து பேராவது ரூல் பேசிட்டு வருவாங்க. ரூல் பேசுறவங்ககிட்ட நியாயம் பேசக் கூடாது. நாமளும் ரூலே பேசணும். பெரியத்தான் என்ன சொன்னாரு? என் உளி படாதுன்னாரு. சுத்தியலைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு? இடிக்க மாட்டேன்கிறாரு. உளியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்னு சொன்னாரா?"

அண்ணிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்பார்களே, அந்த வழி இதுதான். தம்பி தன்னுடைய உளியைப் பிடிக்கட்டும். அண்ணன் சுத்தியலால் அடிக்கட்டும். அண்ணன் உளி சுவரில் படவில்லை, தம்பி சுவரை இடிக்கவில்லை. பின்னே சுவர் எப்படி விழுந்தது? அது பாட்டுக்கு விழுந்தது!

"பெரியத்தான் கையில சுத்தியலைக் குடுத்து, கீழ எம் புருஷன் விரலை வைக்கிறோம். அதை மட்டும் யோசிச்சுக்கங்க" என்றாள் சின்னவள், பாதி சிரித்து, பாதி சிரிக்காமல்.

பெரியவரைச் சம்மதிக்க வைக்க அண்ணி அரைமணி நேரம் பேசினாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இவர் கடைசியில், "அவன் உளியைப் பிடிக்கிறானா? நான் அடிக்க, அவன் பிடிக்கிறானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நம்ப முடியாதவர் கேட்கிற கேள்வி அது. அந்தப் பக்கம் மேஸ்திரி, சின்னவள் சொன்னதை முழுசாகக் கேட்டாராம். எழுந்து போய்த் தன் உளிகளைத் தண்ணீரில் கழுவித் துடைக்க ஆரம்பித்தாராம்.

பத்து மணிக்கெல்லாம் சாமான்களைத் துணி போட்டு மூடியாயிற்று. மேஸ்திரி பெரியவர் பக்கத்து ஹாலுக்குள் வந்தார். சுவர் எழும்பிய பிறகு அவர் அங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. அண்ணனைப் பார்க்காமல் இரண்டு முக்காலிகளைப் போட்டார், மேலே சாரப்பலகையை வைத்தார், ஆட்டிப் பார்த்தார், மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். சுவரை மேலேயிருந்துதான் எடுக்க வேண்டும். பெரியவருக்கோ முழங்கால் வராது. பலகைக்கு முன்னால் சுத்தியலோடு நின்றார்.

மேஸ்திரி மேலே ஏறிக் கையை நீட்டினார்.

"கையைக் குடுங்க."

 பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் கொடுத்தார். மேஸ்திரி இழுத்தார். இவர் வலியில் முனகிக்கொண்டே ஏறிவிட்டார்.

உத்தரத்துக்குக் கீழே மேஸ்திரி உளியை வைத்தார். பெரியவர் சுத்தியலை ஓங்கினார், ஓங்கின வேகம் பாதியிலேயே வடிந்துபோய், டொக் என்று தட்டினார். ஒரு துளி காரை உதிர்ந்தது. மறுபடியும் டொக்.

"இப்படித் தட்டினா அடுத்த தலைமுறைக்குத்தான் விழும்" என்றார் மேஸ்திரி சுவரைப் பார்த்து.

"கையில பட்டுருச்சுன்னா?"

"படாது. நீங்க அடிங்க."

"பட்டா?"

"பட்டா மருந்து போட்டுக்கறேன். அடிங்க."

பெரியவர் அடித்தார். இந்தத் தடவை நிஜமான அடி. செங்கல் ஒன்று நகர்ந்தது. உளி அசையவில்லை, அதைப் பிடித்திருந்த கையும் அசையவில்லை. அண்ணி கண்ணைத் திறந்தபோது சின்னவள் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அடி ஒழுங்காக விழ ஆரம்பித்தது. தொழில்காரர்கள் இல்லையா, ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. ஓங்கும்போது இவர் உளியை நிமிர்த்துவார், செங்கல் கழன்றால் அவர் சுத்தியலை நிறுத்துவார். இரண்டு பெண்களும் கழன்ற செங்கலை வாங்கி வாசலில் அடுக்கினார்கள். ஒரு பக்கம் பச்சை வண்ணம், மறுபக்கம் மஞ்சள். எந்தக் கல்லைப் பார்த்தாலும் இரண்டு வீடும் அதில் இருந்தது.

சுவர் தோள் உயரத்துக்கு இறங்கிய பிறகு பலகையை எடுத்துவிட்டுத் தரையில் நின்று தொடர்ந்தார்கள். பழைய ஸ்விட்ச் இருந்த ஓரத்துக்குப் பக்கமாக ஒரு செங்கல் பெயர்ந்தது. பெரியவர் சுத்தியலை ஓங்கியவர், அப்படியே நிறுத்தினார்.

கல்லுக்கு நடுவில் ஒரு பைப் ஓடியது.

மின்சார வேலைக்காரர் கண்ணுக்கு அது என்ன என்று சொல்லவா வேண்டும்? குனிந்து விரலால் காரையைத் துடைத்தார். பைப் ஸ்விட்ச் பக்கத்திலிருந்து கிளம்பி, சுவருக்குள்ளேயே ஓடி, தன் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்திருந்தது. பெட்டியின் மேல் காகிதக் கனத்துக்குப் பூச்சு. கட்டைவிரலால் அழுத்தினார். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே, ஒயரைக் கட்டி இழுப்பதற்காகப் போட்டுவைத்த கம்பிகூட இருந்தது.

"இது என்னடா?"

"பாத்தாத் தெரியல? பைப்பு."

"எப்ப வச்ச?"

"கட்டறப்பத்தான். பூசினப்புறம் எவனாவது வைப்பானா?"

 பெரியவர் அந்தக் கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தார். தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு ஒயரைக் கட்டி விட்டிருந்தால் கால்மணி நேரத்தில் ஸ்விட்ச் இந்தப் பக்கம் வந்திருக்கும். ஒரு இடத்திலும் உளி வைத்திருக்க வேண்டாம்.

"ஏன்டா சொல்லல?"

மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். "நீ கேப்பேன்னு இருந்தேன். ஒருநாள் இல்லாட்டி ஒருநாள், டேய், எனக்கு வெளிச்சம் வேணும், சுவரைக் கொத்திக்கட்டுமான்னு கேப்பேன்னு இருந்தேன். கேட்டா, கொத்தவே வேணாம், அங்க தட்டிப் பாருன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ சுவத்தைத் தட்டினியே ஒழிய வாயைத் திறக்கல."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, அண்ணி கவனித்தாள். அவளுக்கு மளமளவென்று கண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், வசதியாக நிறையத் தூசி இருந்தது. ஆனால் அவள் அழுதாள் என்பதுதான் உண்மை.

பெரியவர் பைப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இவ்வளவு நேர்த்தியா வைக்கத் தெரிஞ்சவன், அன்னிக்கு அந்த ஆளு வீட்ல ஏன்டா வைக்கல?"

"பைப்பு எங்க வரணும்னு நீ கோடு போட்டுத் தந்தியா?"

"போட்டேன்."

"போடல."

"சாக்பீஸால போட்டேன்டா!"

"போடவே இல்ல. நீ டீ குடிக்கப் போயிட்ட."

சின்னவள் அண்ணியின் காதில், "ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தாள் அண்ணி. தட்டிப் பேசின வீட்டில் இன்றைக்கு வாயால் சண்டை போடுகிறார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மதியம் தாண்டியபோது கடைசி வரிசையும் போய்விட்டது. தரையில் ஒரு நீளமான தழும்பு மட்டும் மிச்சம். ஹால் அகலமாகக் கிடந்தது. அந்தப் பக்கத்து சன்னல் வெளிச்சம் இந்தப் பக்கத்து மூலைவரைக்கும் வந்து விழுந்தது. இரண்டு சகோதரர்களும் கவிழ்த்துப் போட்ட சாரப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையெல்லாம் வெள்ளையாக டீ குடித்தார்கள். கோடு போட்டதா, போடாததா என்பது இன்னும் முடிந்தபாடில்லை.

அண்ணியின் போன் அடித்தது. அவள் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான்தாங்க, கண்ணாடிக் கடையிலருந்து."

"சொல்லுங்கம்மா. வேலை முடிஞ்சிருச்சு. ஹால் ஒண்ணாயிருச்சு, நீங்க வந்து பாக்கலாம்."

"அடடா, இடிச்சிட்டீங்களா?"

"நீங்கதானேம்மா..."

"நான்தான் சொன்னேன், இல்லேங்கல. ஆனா நேத்து எங்க வீட்ல பேசினோம். என் தங்கச்சியும் நானும் சேர்ந்தே வாங்கறோம். ரெண்டு குடும்பம் பாருங்க, நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்துரக் கூடாது. யோசிச்சுப் பாத்தா அந்தச் சுவர் இருக்கறதுதான் நல்லதுன்னு பட்டுது. காலையிலயே போன் பண்ணியிருக்கணும், கடையில கூட்டம்."

அண்ணி வாசலில் அடுக்கியிருந்த செங்கல்களைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் அந்த அம்மாள். "உங்க கொழுந்தனார் மேஸ்திரிதானே? ஒரே நாள்ல கட்டினதுன்னு தரகர் சொன்னார். அதே இடத்துல திரும்ப எழுப்பிக் குடுத்துருங்க. பத்திரம் எழுதறதுக்குள்ள முடிச்சாப் போதும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்குக் காலையில முன்பணத்தோட வந்துடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லச் சொல்ல அண்ணிக்கு வாய் தழும்பேறிப் போயிருக்கிறது. சாமான் அறைதான் சமையலறை என்றபோது சரி என்றாள். விலையைக் கொஞ்சம் இறக்கலாமா என்றபோது சரி என்றாள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவள். இப்போதும் ஒரு சரி சொன்னால் அந்தத் தரைத்தள வீடு அவளுடையது. பெரியவர் படியேறி அவதிப்பட வேண்டாம். காலையில் எழுந்து சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

கதவு வழியாக உள்ளே பார்த்தாள். பெரியவர் தம்பி தலையிலிருந்த காரைத்துண்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, "போட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாட்டோம்ங்க" என்றாள் அண்ணி.

"என்னது?"

"சுவர் கட்டித் தர மாட்டோம். வேற எது வேணாலும் கேளுங்கம்மா. வெள்ளையடிச்சுத் தர்றோம், குழாய் மாத்தித் தர்றோம். வாங்கினப்புறம் உங்க வீடு, யாரை வச்சு வேணாலும் கட்டிக்கங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா என் கொழுந்தன் அந்த இடத்துல இன்னொரு தடவை சுவர் எழுப்பமாட்டாரு. எழுப்புங்கன்னு நானும் சொல்ல மாட்டேன்."

 "ஒரு சுவருக்காக வியாபாரத்தை விடறீங்களே! நாங்க இன்னொரு வீடும் பாத்து வச்சிருக்கோம், அது ஏற்கெனவே ரெண்டா இருக்கு. நல்லா யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

அண்ணிக்குப் பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அந்தச் சன்னல் கண் முன்னாலேயே நின்றது. ஆனால் சொன்னதைத் திரும்பப் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

உள்ளே போனாள்.

"யாரு?" என்றார் பெரியவர்.

"கண்ணாடிக் கடை அம்மா. அவங்களும் தங்கச்சியும் சேர்ந்து வாங்கறாங்களாம். சுவர் வேணுமாம். திரும்பக் கட்டிக் குடுத்தா நாளைக்கு வர்றாங்களாம்."

டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"ஒரு நாள் வேலைதான் அண்ணி" என்றார் மேஸ்திரி மெதுவாக. "கல்லு எல்லாம் முழுசாத்தான் இருக்கு. உங்களுக்கு அந்த சமையக்கட்டு கிடைக்கணும்னா நான் கட்டித் தர்றேன். உங்களுக்காகக் கட்டறேன்."

"வேணாம் தம்பி. மாட்டோம்னு சொல்லிட்டேன்."

பெரியவர் நிமிர்ந்தார். "சொல்லிட்டியா? யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. இத்தனை வருஷமா எல்லாரையும் கேட்டுத்தானே எல்லாம் சொன்னேன். இது ஒண்ணைக் கேக்காம சொல்லிட்டேன்."

பெரியவர் மனைவியின் முகத்தையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு பிடிவாதத்தை அவர் பார்த்ததில்லை. திட்டப்போகிறாரா, எழுந்து போகப்போகிறாரா என்று சின்னவள் பயந்துகொண்டிருந்தபோது, போன் மறுபடியும் அடித்தது.

அண்ணி எடுக்கவில்லை. வீடு விற்கிற விஷயமாக வந்த ஒரு போனையும் அதுவரை தொட்டிராத பெரியவர், கையை நீட்டி அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"அலோ. அவ வீட்டுக்காரர்தான் பேசறேன். அவ என்ன சொன்னாளோ அதுதாங்க எங்க நாலு பேரு முடிவும். அதுல மாத்தம் கிடையாது. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அண்ணி பலகையில், கொழுந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"இது அந்தம்மா இல்ல. அவங்க தங்கச்சியாம். அந்தச் சுவர் விஷயமா, அக்காவுக்குத் தெரியாம உன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசணுமாம். பாவம், அழறா."